கால்வாய்க்கரையில் சைக்கிள்: கேள்வி பதில்

பிரான்சின் கால்வாய்க் கரைகளிலும் காட்டோரப் பாதைகளிலும் வாகனங்களின் தொல்லையின்றிச் சைக்கிள் ஓடுவது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 18 ஆண்டுகளாக இந்தப் பாதைகளில் ஓடிவரும் நம்மவர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.

போபினியிலிருந்து ஒரு தாய்: அண்ணா, 9 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வீதியில் விடப் பயமாக இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

தங்கச்சி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உர்க் கால்வாய் ஓடுகிறது. பரிஸ் நகருக்குக் குடிநீர் கொண்டுவருவதற்காக 1802இல் நெப்போலியன் வெட்டச் சொன்ன கால்வாய் அது. பரிஸ் நகரின் லா வில்லெத்திலிருந்து குளே-சூய்யி வரை, 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு, தார் போட்ட சைக்கிள் பாதை கரையோடு செல்கிறது. முதல் நாளில் செவ்ரான் வரை போனால் போதும். அங்கே 1973இல் மூடப்பட்ட அரச வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த நிலம் இன்று காட்டுப் பூங்காவாக இருக்கிறது. தொழிற்சாலைச் சத்தம் கேட்ட இடத்தில் இப்போது ஓக் மரங்களின் கீழ்ப் பிள்ளைகள் சாப்பிட்டு இளைப்பாறலாம்.

12 வயது நிறையாத பிள்ளைக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம்; 2017 மார்ச்சிலிருந்து அந்த விதி இருக்கிறது, தவறினால் கூட்டிச்செல்லும் பெரியவருக்கு 135 யூரோ தண்டம். மூத்த பிள்ளைக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். பாலத்தின் கீழே பாதை ஒடுங்கித் திரும்பும். எதிரே வருபவர் தெரியமாட்டார். பல இடங்களில் தண்ணீர்ப் பக்கம் வேலியும் இல்லை. பாலத்துக்கு முன்னரே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் ஒதுங்குங்கள். சிறு பிள்ளையானால் இறங்கி உருட்டட்டும்.

லாச்சப்பலிலிருந்து: எந்தச் சைக்கிள் வாங்கலாம்?

இருக்கிற சைக்கிளில் முதல் மூன்று மாதம் ஓடுங்கள். புதிதாக வாங்குவதானால், 32 மில்லிமீற்றர் அகலமான ரயர் போடக்கூடிய சட்டகமாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒல்னேயிலிருந்து: மேட்டில் ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. கால்வாய்ப் பாதை முழுவதும் சமதரையா?

கால்வாயை ஓடும் ஆறாக நினைக்காமல், படிபடியாக அடுக்கிய நீண்ட குளங்களாக நினைத்தால் விளங்கும். படகை ஏற்றி இறக்கும் இரண்டு மதகுகளுக்கு இடையில் நீர்மட்டம் அசையாமல் நிற்கிறது. அந்த மட்டத்தைப் பின்பற்றித்தான், அந்நாளில் மனிதரும் குதிரைகளும் படகை இழுத்துச் சென்ற கரைப்பாதை அமைந்தது. மதகு வரும்போது மட்டும் இரண்டு மூன்று மீற்றர் ஏறும் ஒரு சிறு சரிவு இருக்கும்.

ஆனால் சமதரையிலும் ஒரு சிரமம் உண்டு. ஏற்றம் இல்லாததால் இறக்கமும் இல்லை. கால் ஓய்வதற்கு இடமே கிடைக்காது. எதிர்க்காற்று வீசினால் அது நாள் முழுவதும் மேடு ஏறுவதற்குச் சமம். 45 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடவுங்கள். போகும்போது எதிர்க்காற்றும் வரும்போது பின்காற்றும் இருக்கும்படி திசையைத் தெரிவுசெய்யுங்கள்.

மற்றொருவர்: நான் 500 யூரோவுக்குள் பார்க்கிறேன். எந்தச் சைக்கிள் நல்லது?

லாச்சப்பல் அன்பருக்கு எழுதியதே உங்களுக்கும் பொருந்தும்.

செர்ஜியிலிருந்து: உண்மையான காட்டுக்குள் போகும் கால்வாய் எது? தொடருந்தில் போகலாமா?

நிவெர்னே கால்வாய். என் மனத்துக்கு மிகவும் நெருங்கியது அதுதான். பரிஸ் மக்கள் அடுப்பெரிக்க விறகு இல்லாமல் தவித்த காலத்தில், மோர்வான் மலைக்காட்டு மரங்களைத் தண்ணீர் வழியே தலைநகருக்குக் கொண்டுவர 1784இல் வெட்டத் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் இழுபட்டு, 1840களின் தொடக்கத்தில்தான் முழுமையாகத் திறந்தார்கள். பரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ஒசேருக்கும் கிளம்சிக்கும் பிராந்தியத் தொடருந்து போகிறது.

கிளம்சியிலிருந்து தெற்கே ஓடினால் சார்டியில் அடுத்தடுத்து 16 மதகுகள் மரங்களுக்கிடையே படிக்கட்டுப் போல் ஏறிச்செல்லும். உச்சியில் லா கொலோன்செல் என்ற ஊருக்குக் கீழே மூன்று சுரங்கங்கள் இருக்கின்றன. படகு சுரங்கத்துக்குள் போகும். நாம் மேலே ஊர்ச்சாலையால் போகவேண்டும். ஆனால் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுரங்க வாசலை எட்டிப் பாருங்கள். இருபுறமும் செங்குத்தாக வெட்டிய பாறையில் பாசியும் பன்னமும் தொங்க, கோடை நண்பகலிலும் அங்கே ஈரக் குளிர் முகத்தில் அடிக்கும். அதைத் தாண்டினால் கால்வாய்க்கு நீர் ஊட்டும் வோ, பாய் என்ற இரண்டு ஏரிகள்.

தார், சரளை இரண்டும் கலந்த பாதை அது. 25 மில்லிமீற்றர் ரயரோடு போய் வருந்தாதீர்கள். இலையுதிர் காலத்திலிருந்து பெப்ரவரி இறுதிவரை வேட்டைப் பருவம் என்பதால் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் முழங்காலின் பின்புறத்தில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலிகளை வெட்டும் காலத்தில் முள்ளும் ஒரு தொல்லை. ஒருமுறை அந்தக் கரையில் ஒரே மணி நேரத்தில் இரண்டு ரியூப் மாற்றினேன். மூன்றாவதையும் போடுவதற்கு முன் ஒரு துண்டுப் பஞ்சை ரயரின் உட்புறம் முழுவதும் தடவிக்கொண்டு போனேன். பஞ்சு சிக்கிய இடத்தில், அரை அரிசிமணி அளவில், கறுத்த முள்நுனி ஒன்று நின்றது. முதலிலேயே தேடியிருந்தால் ஒரு ரியூப் மிஞ்சியிருக்கும்.

செல் நகரிலிருந்து: பரிஸ் புறநகர் ஆர்.இ.ஆர். தொடருந்தில் சைக்கிள் ஏற்றலாமா?

வேலைநாட்களில் காலை 6:30 முதல் 9:30 வரையும், மாலை 4:30 முதல் 7:30 வரையும் ஏற்றமுடியாது.

துலூசிலிருந்து: மிடி கால்வாய்க்கரை முழுவதையும் தாராக்கவேண்டும் என்கிறேன். துலூசிலிருந்து முதல் 50 கிலோமீற்றர் வரை நல்ல தார். பிறகு பல இடங்களில் வேரும் கல்லும்தான். மூன்று சக்கர வண்டியில் ஓடும் என் அப்பாவால் அதற்கப்பால் வரமுடியவில்லை.

நீமிலிருந்து: கூடாது. தார் போட்டால் வேகம் வரும், சூடு ஏறும், எஞ்சிய மரங்களின் வேரும் சாகும்.

இது பதில் எழுதவேண்டிய வழக்கு. 1681இல் திறந்த 240 கிலோமீற்றர்க் கால்வாய் அது. 1996இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. கரையில் 42,000 பிளத்தான் மரங்கள் நின்றன. அவற்றின் நிழல் நீர் ஆவியாவதைக் குறைத்தது. வேர் கரையைப் பிடித்துவைத்தது. 2006இல் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் வேரிலிருந்து வேருக்குத் தொற்றுவதால், ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்கவேண்டியதாயிற்று. வெட்டிய இடங்களில் வேறு இன மரங்களை நட்டுவருகிறார்கள். இளங்கன்றுகள் வேர்விடும் கரையில் இயந்திரங்களை இறக்கித் தோண்டுவதை என்னால் ஆதரிக்கமுடியாது.

அதேவேளை துலூஸ் தம்பியின் அப்பாவை மறந்துவிட்டு மரத்தை மட்டும் பேசுவதும் நியாயமில்லை. பிரெத்தாஞ்சில் நந்த்–பிரெஸ்ற் கால்வாயோரம் நுண்சரளையை இறுக்கி உருட்டிய பாதை போட்டிருக்கிறார்கள். மூன்று சக்கரமும் அதில் ஓடும். அதுபோல் மிடியிலும் போடவேண்டும் என்பது என் கருத்து.

துலூஸ்: மழை பெய்தால் சரளை சேறாகிவிடுமே, அண்ணா.

நீம்: கரோன் கால்வாயில் தாரையே வேர் பிளக்கிறதே.

இருவர் சொல்வதும் உண்மை. வடிகால் இல்லாத சரளை ஒரு குளிர்காலத்தில் கெட்டுவிடும். ஆண்டுதோறும் பராமரிக்கப் பணம் ஒதுக்கவேண்டும். கரோன் கரையில் வேர்கள் தாரைப் புறங்கை நரம்புபோல் உயர்த்தியிருப்பதை நானும் உருண்டு உணர்ந்திருக்கிறேன். இருந்தாலும் தம்பி, அப்பாவை இந்தக் கோடையில் அங்கேயே கூட்டிச்செல்லுங்கள். துலூசிலிருந்து வடமேற்கே 193 கிலோமீற்றர், பெரும்பகுதி தார். அஜோனில் கரோன் ஆற்றுக்கு மேலே 23 வளைவுகள் கொண்ட கற்பாலத்தில் கால்வாய் கடக்கும். ஆறு கீழே ஓட, படகுக்குப் பக்கத்திலேயே அவரும் கடக்கலாம். இந்த வழக்கில் நீங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு தடவை எழுதிவிட்டீர்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பொந்தியிலிருந்து: முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து நான்கு மாதம். ஓடலாமா?

உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அம்மா. இதில் நான் கருத்துச் சொல்லக்கூடாது.

இன்னொருவர்: எந்தச் சைக்கிள் வாங்கலாம்?

மேலே இரண்டு தடவை எழுதியாயிற்று. தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

திராப்பிலிருந்து: உர்க் கரையில் மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் பயிற்சி எடுக்கலாமா?

கூடாது. நாயோடு நடக்கும் முதியவரும் தள்ளுவண்டியோடு வரும் தாயும் அங்கே இருக்கிறார்கள். பாலத்தின் கீழே என்ன நடக்கும் என்பதை முதல் பதிலில் எழுதியிருக்கிறேன்.

மெலனிலிருந்து: ஞாயிறு பின்னேரம் கிராமத்தில் கடை எல்லாம் பூட்டு. தண்ணீருக்கு என்ன செய்வது?

ஊர்ச் சேமக்காலைக்குப் போங்கள். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்ற அறிவிப்பு இல்லையென்று பார்த்தபின் நிரப்புங்கள். வாசற்கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். திங்கட்கிழமையும் பல கிராமங்களில் வெதுப்பகம் திறக்காது. பாணைச் சனிக்கிழமையே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.