அலுவலக மேசைகளுக்கு இடையே உள்ள 150 செ.மீ. உயரத் தடுப்பை எவ்வளவு இறக்கலாம்?

தரையிலிருந்து 120 முதல் 125 செ.மீ.க்கு இறக்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது எதிரில் இருப்பவரின் முகம் மறைந்தே இருக்கும். எழுந்து நின்றால் யார் இருக்கிறார் என்று தெரியும். 150 செ.மீ. என்பது நிற்கும் பலருக்கே கண்மட்டம். அதனால்தான் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க எல்லோரும் உங்கள் மேசைக்கே நடந்து வருகிறார்கள்.

இறக்கிய தடுப்பைத் திருகாணி முடுக்கிப் பொருத்தும் முன், நாற்காலியை வழக்கமான உயரத்தில் வைத்து நிமிர்ந்து உட்காருங்கள். தரையிலிருந்து கண் வரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்கும் அப்படியே அளந்து, இருவரில் உயரமானவரின் அளவோடு 3 செ.மீ. கூட்டினால் போதும். முதுகுப்பக்கம் நடைபாதை இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் இறக்காதீர்கள். பின்னால் நடமாட்டம் இருந்தால் வேலையில் மனம் நிற்காது.

பேச்சொலி இதனால் குறையாது. வெறும் கான்கிரீட் கூரையில் பட்டுத் திரும்பும் சத்தத்துக்கு, மேலே ஒலி உறிஞ்சும் பலகைதான் வேண்டும்.