இஞ்ச் டேப்புக்கு எதற்கு ப்ளூடூத்?

கேள்வி: அப்பா நாற்பது வருடமாக மரவேலை செய்கிறார். அவர் பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆன்லைனில் ஒரு ‘ஸ்மார்ட் டேப்’ பார்த்து வைத்திருக்கிறேன். லேசரில் அளந்து, அளவை ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்புமாம். விலை 5,500 ரூபாய். சாதாரண டேப் 200 ரூபாய்க்கே கிடைக்கிறது. வாங்கலாமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: அப்பா எதை அளக்கிறார் என்பதைப் பொறுத்தது. வீடு வீடாகப் போய் கப்போர்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் அளவெடுப்பவர் என்றால் லேசர் மீட்டர் நல்ல பொருள்தான். 20 அடி ஹாலை டேப்பால் அளக்க மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், நடுவில் டேப் தொங்கும். லேசரை ஒரு சுவரோடு ஒட்டி வைத்துப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. சீலிங் உயரத்துக்கு ஏணியும் வேண்டாம். இந்த ரகக் கருவிகள் பொதுவாக 2 மில்லிமீட்டர் வரை கூடக் குறையக் காட்டும். ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பிழை ஒரு நூலுக்குள் அடங்கிவிடுகிறது. அறை அளவுக்கு இது தாராளம், டிராயர் செய்யப் போதாது.

பட்டறையில் உட்கார்ந்து பலகை அறுப்பவர் என்றால் கதையே வேறு. 14 அங்குலம் 3 நூலில் பென்சில் கோடு போட லேசர் எந்த உதவியும் செய்யாது. அங்கே டேப்தான். அந்த 200 ரூபாய் டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘லூசா இருக்கு, வேற குடுங்க’ என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. அது பழுதல்ல. பலகை விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி தன் தகட்டின் கனம் அளவுக்கு வெளியே நகரும். சுவரில் முட்டி அளக்கும்போது அதே கனம் உள்ளே போகும். எப்படி அளந்தாலும் பூஜ்ஜியம் சரியான இடத்தில் நிற்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் அந்த ரிவிட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கி, நல்ல டேப் ஒன்றைக் கெடுத்தவன் நான்.

சரி, ப்ளூடூத்? ஒரே நாளில் இருபது அறை அளந்து கம்ப்யூட்டரில் பிளான் போடுகிற இன்டீரியர் ஆட்களுக்கு அது லாபம். 2.47-ஐ 2.74 என்று மாற்றி எழுதிவிடும் தவறு நடக்காது. உங்கள் அப்பா பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு பிளைவுட் மேலேயே எழுதுகிறவர் என்றால், ப்ளூடூத் இல்லாத மாடலை எடுங்கள். விலையும் குறையும்.

வாங்குமுன், அடியையும் அங்குலத்தையும் தனித்தனியாகக் காட்டுமா என்று பாருங்கள். சில மலிவு மாடல்கள் அடியைத் தசமத்தில் காட்டும். 9.5 அடி என்றால் 9 அடி 6 அங்குலம். அவசரத்தில் 9 அடி 5 அங்குலம் என்று படித்தால் ஓர் அங்குலம் போச்சு. பொருள் வந்ததும் ஒரு 10 அடிச் சுவரை டேப்பாலும் அளந்து ஒப்பிடுங்கள். நாலைந்து அங்குலம் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். கருவியின் முன் விளிம்பிலிருந்து அளக்கவா, பின் விளிம்பிலிருந்தா என்று ஒரு செட்டிங் உண்டு, கை பட்டு அது மாறியிருக்கும். அப்புறம், நல்ல வெயிலில் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. காம்பவுண்டு சுவர் அளக்கப் பழைய டேப்பையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒயரைத் தொடாமலே ‘பீப்’ அடிக்கும் பேனா டெஸ்டர் வருகிறதே, பழைய டெஸ்டரைவிடப் பாதுகாப்பானதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஒரு வகையில் ஆமாம். பழைய டெஸ்டரில் மிகச் சிறிய அளவு கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போனால்தான் உள்ளே இருக்கும் நியான் விளக்கு எரியும். உங்களுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே நிற்பது ஒரு சின்ன ரெசிஸ்டர். பேனா டெஸ்டரை ஒயரின் உறை மேல் காட்டினாலே போதும், லைவைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் அது பேட்டரியில் ஓடுவது. பேட்டரி தீர்ந்தாலும் பீப் வராது, கரண்ட் இல்லாவிட்டாலும் பீப் வராது. இரண்டு மௌனமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கில் வைத்துப் பாருங்கள், பிறகு சந்தேகத்துக்குரிய ஒயரில், கடைசியாக மறுபடி அதே பிளக்கில். பக்கத்து ஒயரின் தாக்கத்தால் சும்மா பீப் அடிப்பதும் உண்டு. அது தொந்தரவுதான், ஆபத்தில்லை. பீப் வராத ஒயரில்தான் ஜாக்கிரதை வேண்டும். எந்த டெஸ்டர் என்ன சொன்னாலும் மெயினை அணைத்துவிட்டே கை வையுங்கள்.

கேள்வி: ஸ்பேனர், சுத்தியல், திருப்புளியில்கூட ஸ்மார்ட் வந்துவிட்டதாமே? (வாசகர், சேலம்)

பதில்: கை பலத்தில் வேலை செய்யும் கருவிக்குச் சிப் வேண்டாம். அந்தக் காசில் நல்ல எஃகு வாங்குங்கள். பைக், கார் போல்ட்டை அளவாக இறுக்க டார்க் ரெஞ்ச் மட்டும் விதிவிலக்கு, அதிலும் ‘க்ளிக்’ சத்தம் போடும் பேட்டரியில்லா வகையே வீட்டுக்குப் போதும். வேலை முடிந்ததும் அதைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

கேள்வி: ஆப் மூலம் இயங்கும் லேசர் லெவல் (சுவரில் மட்டக்கோடு காட்டும் கருவி) ஒன்றை ஆன்லைனில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. புதுப் போனில் அந்த ஆப் ஏறவே இல்லை. ‘கருவியில் பழுதில்லை’ என்று விற்றவர் கைவிரிக்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: ஆப்பைச் சொல்லித்தானே விற்றார்கள்? அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு மாறிவிடலாம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்த விற்பனைத் தளத்துக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் பேசாமல் எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசி வழி மதுரையிலேயே இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில் தொலைந்திருந்தால் கவலைப்படாதீர்கள், தளத்தில் உங்கள் பழைய ஆர்டர் பக்கத்திலேயே மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.