இரவில் எதைக் கட்டிவிடுவது? முதியோரின் சிறுநீர்க் கசிவு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் தனியாக எழுந்து நிற்க முடியவில்லை. இரவு பத்து மணிக்கு டயப்பர் போட்டுவிடுகிறேன். விடியற்காலை நான்கு மணிக்குள் கைலி, விரிப்பு, மெத்தை எல்லாம் நனைந்துவிடுகின்றன. பேன்ட் போல மாட்டும் வகையில் மிகப் பெரிய அளவை வாங்கிப் பார்த்தேன், உள்ளே இன்னொரு டயப்பரையும் வைத்துப் பார்த்தேன், பயனில்லை. எதை வாங்குவது? மாலைக்கு மேல் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, யாங்கூன்

பதில்: அடுத்த கட்டு டயப்பர் வாங்குவதற்கு முன், நாளை விடியற்காலையில் ஒரு காரியம் செய்யுங்கள். விரிப்பை உருவிச் சோப்பு நீரில் போடுவதற்கு முன், ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது, கழற்றிய டயப்பரின் எந்தப் பகுதி கனத்திருக்கிறது என்று பாருங்கள். என் தாயாரைக் கவனித்துக்கொண்ட நாட்களில், விரிப்பின் இடப்பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் ஈரம் படிந்திருக்கும். கழற்றிய டயப்பரின் முன்பகுதியோ தொட்டால் பஞ்சு போல உலர்ந்தே இருக்கும். அவர் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பவர். டயப்பரின் கொள்ளளவு தீர்ந்துபோய் நீர் வெளியேறவில்லை; உறிஞ்சும் பகுதியை எட்டுவதற்கு முன்பே இடுப்போரமாக வழிந்திருக்கிறது. மருத்துவமனையில் தாதியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த எனக்கே இது புரியச் சில வாரங்கள் ஆயின. ஆகவே நீங்கள் இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு உங்கள் கவனக்குறைவு காரணம் என்று எண்ண வேண்டாம்.

டயப்பர் முழுவதும் ஊறிக் கனத்து, அதற்கு மேலும் நீர் வெளியேறியிருந்தால் கொள்ளளவு போதவில்லை என்று பொருள். பாதி உலர்ந்திருக்க விரிப்பு நனைந்திருந்தால் அளவோ கட்டிய விதமோ தவறு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். பெரிய அளவு அதிகம் தாங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். தொடையைச் சுற்றியுள்ள எலாஸ்டிக் உடலோடு ஒட்டி நின்றால்தான் நீர் உள்ளே நிற்கும். மெலிந்த முதியவருக்குப் பெரிய அளவைப் போட்டால் தொடையோரத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி உண்டாகி அதன் வழியே எல்லாம் வழிந்துவிடும். தையற்காரரின் நாடாவால் இடுப்பையும் பிட்டத்தின் அகன்ற பகுதியையும் அளந்து, இரண்டில் எது பெரிதோ அதை உறையில் அச்சிட்டுள்ள சென்டிமீட்டர் அளவோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் சிறியதை ஒரு முறை முயன்று பாருங்கள். தோலில் சிவந்த தடம் பதியாவிட்டால் அதுவே சரியான அளவு.

ஒன்றின் உள்ளே இன்னொன்றை வைப்பது ஏன் பயன் தரவில்லை என்றால், எந்த டயப்பருக்கும் வெளிப்புறத்தில் நீர் புகாத உறை இருக்கிறது. உள்ளே இருப்பது நிறைந்தால் நீர் அந்த உறையைத் துளைத்து வெளியே இருப்பதற்குப் போகாது. ஓரமாக வழிந்து விரிப்புக்குத்தான் போகும். கூடுதலாக ஒன்று தேவைதான் என்றால், அடியில் பிளாஸ்டிக் இல்லாத உள்பட்டைகள் தனியாக விற்கின்றன. அவை நிறைந்ததும் மிச்சத்தைக் கீழே உள்ள டயப்பருக்கு விட்டுவிடும்.

உங்கள் மாமனாரைப் போல எழுந்து நிற்க முடியாதவருக்குப் பேன்ட் வகை இரவில் பொருந்தாது. அதை மாட்டக் கால்களைத் தூக்க வேண்டும், இழுக்க வேண்டும், நள்ளிரவில் மாற்றுவதென்றால் கைலியோடு போராட வேண்டும். பக்கங்களில் ஒட்டும் பட்டை உள்ள வகையை வாங்குங்கள். படுத்தபடியே ஒருக்களிக்க வைத்து மாற்றிவிடலாம். கட்டுவதற்கு முன் அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து ஒரு முறை இழுத்து விரித்தால், உள்ளே இருக்கும் இரண்டு சுருக்கு ஓரங்களும் வரப்பு போல எழுந்து நிற்கும். அந்த வரப்புகள்தாம் நீரைத் தடுப்பவை. அவை மடங்கித் தட்டையாகக் கிடந்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கியதும் ஒழுகும். கீழ்ப் பட்டைகளை முதலில், சற்றே மேல்நோக்கிச் சாய்த்து ஒட்டுங்கள். அதன் பிறகு மேல் பட்டைகளைச் சற்றே கீழ்நோக்கி ஒட்டுங்கள். ஆண்களுக்கு இன்னொன்றும் உண்டு, கூச்சப்படாமல் எழுதுகிறேன்: உறுப்பு கீழ்நோக்கி இருக்குமாறு வைத்துக் கட்ட வேண்டும். மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருந்துவிட்டால், எந்த டயப்பராக இருந்தாலும் இடுப்புப் பட்டி வழியாக அடிவயிறும் சட்டையும் நனையும்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒழுகினால் கொள்ளளவைப் பாருங்கள். உறையில் எழுதியிருக்கும் மில்லி லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அந்த எண் பெரும்பாலும், டயப்பரைத் தட்டையாக நீர்மத்தில் முக்கி எடுத்து ஆய்வகத்தில் அளந்தது. உடல் எடையால் அழுந்தி, மடிந்து, நீர் ஒரே இடத்தில் வேகமாக விழும் நிலையில் அத்தனையும் தாங்காது. உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் துகள்கள் தம் எடையைப்போல் பல மடங்கு நீரை இழுத்துக் கூழாக்குபவைதாம். ஆனால் சிறுநீரில் உப்பு இருப்பதால் வெறும் தண்ணீரை இழுக்கும் அளவுக்கு அதை இழுப்பதில்லை. எழுதியிருப்பதில் பாதியைத்தான் நான் கணக்கில் கொள்வேன்.

எவ்வளவு தேவை என்பதை வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடலாம். சந்தைக்காரர்களிடம் இருக்கும் வீசைத் தராசே போதும். ஒரு வீசை ஏறத்தாழ 1,630 கிராம், அதில் நூறில் ஒரு பங்கான டிக்கல் 16 கிராமுக்குச் சற்று மேல். சிறுநீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த டயப்பர் 7 டிக்கல், காலையில் கழற்றியது 55 டிக்கல் என்றால், இடையில் உள்ள 48 டிக்கலும் ஏறத்தாழ 780 மில்லி லிட்டர். விரிப்பில் ஈரம் இருந்தால் அதையும் உலர்ந்தபோதும் நனைந்தபோதும் நிறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று இரவு இப்படிப் பார்த்து, மிக அதிகமான இரவின் அளவுக்கு இரு மடங்கு எண் உறையில் இருப்பதைத் தேடி வாங்குங்கள். பெரிய கட்டாக வாங்க வேண்டாம். கடைக்காரரிடம் கேட்டு, உள்ளதில் சிறிய கட்டை வாங்கிச் சோதியுங்கள். மெத்தைக்கு மேல் ஒரே ஒரு உறிஞ்சும் விரிப்பு போதும். ரப்பர் ஷீட், அதன் மேல் துணி, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கினால் சூடும் சுருக்கமும் சேர்ந்து, அசையாமல் படுத்திருப்பவருக்குப் படுக்கைப்புண் வந்துவிடும்.

இனித் தண்ணீர். முழுவதும் நிறுத்தாதீர்கள், அது தீங்கு. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும், மலச்சிக்கல் வரும், இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்திக் கசிவை அதிகமாக்கும். இங்குள்ள வெயிலில் முதியவருக்கு மயக்கமும் வரலாம். பகலில் தாராளமாகக் கொடுங்கள், படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் குறைத்துக்கொள்ளுங்கள், மாலைத் தேநீரை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். அவருடைய கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால், பகலெல்லாம் காலில் தேங்கும் நீர் படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்பி இரவில் சிறுநீராக வெளியேறுகிறது என்று கொள்ளலாம். பிற்பகலில் ஒரு மணி நேரம் தலையணை மேல் காலை உயர்த்தி வைத்துப் பாருங்கள். ஃபுரோசிமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரையை மாலையில் தருகிறீர்கள் என்றால் நேரத்தை மாற்றலாமா என்றும், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சாப்பிடுகிறார் என்றால் கால்வீக்கம் அதனால்தானா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் ஒரு நாளில் கழிக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இரவிலேயே வந்தால் அதற்குத் தனிக் காரணம் தேட வேண்டும். சர்க்கரை நோய், இதயத் தளர்ச்சி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்கக் கோளாறு ஆகிய மூன்றும் அக்காரணங்களில் சேர்ந்தவை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். சொட்டுச் சொட்டாக ஓயாமல் கசிந்து, அடிவயிறு உப்பிக் கெட்டியாக இருந்தால், பிராஸ்டேட் வீக்கத்தால் நீர் அடைபட்டு நிரம்பி வழிகிறது என்று ஐயப்பட வேண்டும். அதற்கு டயப்பர் தீர்வாகாது. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், திடீரென்று தொடங்கிய கசிவு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: எனக்கு 56 வயது, நடமாட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. இரவில் திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் நனைந்துவிடுகிறது. மாதவிடாய் நாப்கினை இரண்டாக வைத்துக்கொள்கிறேன். மகன் வீட்டுக்கு யாங்கூனுக்கு இரவுப் பேருந்தில் போகவே பயமாக இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மோல்மேன்

பதில்: எங்களிடம் சொல்லிவிட்டீர்கள், அடுத்து ஒரு பெண் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களுடையது பெரும்பாலும் மருந்தாலும் பயிற்சியாலும் குறையக்கூடியது, வயதின் விதி என்று ஏற்றுக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

மாதவிடாய் நாப்கின் மெதுவாகக் கசியும் இரத்தத்துக்காகச் செய்யப்பட்டது. சிறுநீர் சில நொடிகளில் மொத்தமாகப் பாய்வது. நாப்கின் அதை உள்வாங்குவதற்குள் ஓரமாக வழிந்துவிடும். சிறுநீர்க் கசிவுக்கென்றே உள்ள பட்டைகள் பார்க்க நாப்கினைப் போல இருந்தாலும் உள்ளே வேறு. ஓரிரு மேசைக்கரண்டி அளவே கசிந்தால் அந்தப் பட்டையை இறுக்கமான உள்ளாடையில் ஒட்டிக்கொண்டால் போதும். சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகிவிடுகிறது என்றால், உங்களைப் போல நடப்பவருக்குப் பேன்ட் வகையே நல்லது. கழிப்பறையில் இறக்கி ஏற்றிக்கொள்ளலாம், சேலைக்குள்ளோ லுங்கிக்குள்ளோ தெரியாது. பேருந்துக்குப் பக்கங்களைக் கிழித்துக் கழற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். மாற்று ஒன்றையும் முடிச்சிடக்கூடிய ஒரு பையையும் கைப்பையில் வைத்துக்கொண்டால் வழியில் பேருந்து நிற்கும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

இடுப்படித் தசைப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். சிறுநீரை அடக்குவது போலத் தசையை உள்ளிழுத்துச் சில நொடிகள் நிறுத்தி விடுவதை, ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். அவசரம் வரும்போதும் எழுந்து ஓடுவதற்கு முன் கட்டில் ஓரத்தில் அமர்ந்து ஐந்தாறு முறை இறுக்குங்கள். அலை தணிந்த பிறகு நடங்கள். இருட்டில் ஓடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத நம் ஊரில் தலையணைக்கருகில் டார்ச் இருக்கட்டும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் மூடியுள்ள ஒரு வாளியை அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் என் அம்மாவுக்கு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தொடையிடுக்கு சிவந்து எரிகிறது. தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசலாமா? துணியைக் கட்டுவது நல்லதா? இரவில் எழுப்பி மாற்ற மனம் வரவில்லை.
— ஒரு வாசகர், பகோ

பதில்: புண்ணான தோலில் தனாக்கா வேண்டாம். காய்ந்து ஏடு கட்டி மடிப்புகளில் உரசும், முகப்பவுடரும் அப்படியே. தோல் இயல்பாகவே சற்று அமிலத் தன்மை உடையது, சிறுநீர் தங்கி அம்மோனியாவாக மாறினால் அது கெடுகிறது. சாதாரணச் சோப்பும் அதையே செய்கிறது. வெதுவெதுப்பான நீரில் மென்துணியை நனைத்து ஒற்றி எடுத்து, விசிறிக் காற்றில் சில நிமிடம் உலரவிட்டு, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். களிம்பைக் கெட்டியாக அப்பினால் அது டயப்பரில் ஒட்டி அதன் உறிஞ்சும் துளைகளை அடைத்துவிடும். சிவப்பைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் பூஞ்சை சேர்ந்திருக்கும். அதற்குத் தனிக் களிம்பு வேண்டும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

துணி, செலவு கருதி, பகலில் பரவாயில்லை. நம் மழைமாதங்களில் துணி இரண்டு நாளானாலும் உலராது, ஈரவாடையோடு கட்டினால் எரிச்சல் கூடும். இரவுக்கு மட்டுமாவது, வெளிப்புறம் பிளாஸ்டிக்காக இல்லாமல் துணி போலக் காற்றுப் போகும் டயப்பரை வாங்குங்கள்.

எழுப்புவது பற்றி உங்கள் தயக்கம் நியாயமானது, உறக்கமும் மருந்துதான். கொள்ளளவு போதுமானதாக இருந்து சிறுநீர் மட்டும் என்றால் மணிக்கணக்கு வைத்து மாற்ற வேண்டியதில்லை. மலம் கழித்திருந்தால் மட்டும் எந்த நேரமானாலும் உடனே மாற்றுங்கள். தோல் ஆறும் வரை இரவில் ஒரு முறை மாற்றலாம். படுக்கைப்புண் வராமலிருக்க அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க எப்படியும் எழுவீர்கள் அல்லவா, அந்த நேரத்திலேயே இதையும் பார்த்துவிடலாம். பல டயப்பர்களின் வெளிப்புறத்தில், நனைந்தால் நிறம் மாறும் ஒரு கோடு இருக்கிறது. டார்ச்சைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு, போர்வையைச் சற்றே விலக்கி அதைப் பாருங்கள். தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தால், அம்மா உறங்குகிறார் என்று தெரிந்தாலும், "நான்தாம்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.