ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தை வேறு ஆராய்ச்சிக்கு எடுக்க மறுபடி கேட்க வேண்டுமா?

இனிப்புநீர் (நீரிழிவு) ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தின் மிச்சத்தை, சொல்லாமல் வேறொன்றுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவையே ஒழுங்காகக் கேட்டிருந்தால் எடுக்கலாம் என்பேன். அந்த 'ஒழுங்காக'தான் சிக்கல்.

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அம்மா இப்படி ஒரு ஆய்வில் சேர்ந்தார். நாலு பக்கச் சம்மதப் பாரம், முழுக்க மலாய், அம்மாவுக்குத் தமிழ்தான் சரளம். கடைசிப் பக்கத்தில் மிச்ச ரத்தத்தைப் பிற ஆய்வுகளுக்குத் தர ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அவர் கைக்கு வரும்போதே 'ஆம்' கட்டத்தில் பேனா டிக் இருந்தது. "அம்மா, இங்க ஒரு சைன் மட்டும்" என்றார் தாதி. கார் பார்க்கிங் நேரம் முடிகிறதே என்று பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் வந்து சொன்னதும் அம்மா, "இனிப்புநீருக்குன்னா எவ்வளவு வேணும்னாலும் எடுக்கட்டும். மத்ததுக்கும் வேணும்னா ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடும்?" என்றார்.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவசுப்பாய் பழங்குடியினருக்கும் இதுதான் நடந்தது. 1990களில் நீரிழிவு ஆய்வு என்று நம்பி அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ரத்தம் கொடுத்தார்கள். அதை வைத்து மனச்சிதைவு நோய், உறவுக்குள் திருமணம், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்றெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்று நம்பும் ஜனத்திடம் போய் நீங்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்றால் எப்படி இருக்கும்? வழக்கு 2010இல் சமரசமாகி 7 லட்சம் டாலரும், மிச்ச ரத்தமும் திரும்பி வந்தன.

பெயரை எடுத்துவிட்டோமே என்பார்கள். மரபணு பிள்ளைகளையும் சேர்த்தல்லவா காட்டிக்கொடுக்கிறது? 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணிடம் கேட்காமல் எடுத்த புற்றுநோய்ச் செல்களின் மரபணு வரிசையை 2013இல் வெளியிட்டபோது, குடும்பம் கேள்வி கேட்ட பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

அதற்காக ஒவ்வொரு தடவையும் ஆளைத் தேடிப் பிடித்துக் கேள் என்பதும் நடக்காத காரியம். பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள், சிலர் இருக்கவே மாட்டார்கள். சம்மதம் வாங்கவே முடியாத இடத்தில் ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்கலாம் என்று, மருத்துவ ஆராய்ச்சிக்கான உலக நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனமே சொல்கிறது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் அவர் மொழியில் கேட்காததற்கு அது சாக்கு ஆகாது.

உங்கள் பாரத்தின் நகல் இருந்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் இருக்கும். அம்மாவுக்காக நான் கூப்பிட்டேன், இரண்டாவது தடவை எடுத்தார்கள், 'இல்லை' என்று மாற்ற ஒரு கடிதம் கேட்டார்கள். அம்மா தமிழில் எழுதிக் கொடுத்தார், மலாயில் நான் மாற்றினேன்.