ஓப்பன் சோர்ஸ் கருவியில் செய்த சாஃப்ட்வேரை விற்கலாமா? கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் சொந்தமாக சாஃப்ட்வேர் செய்து விற்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மூலக் கோடை (சோர்ஸ்) எல்லோரும் பார்க்க, மாற்ற, பகிர அனுமதிப்பதுதான் ஓப்பன் சோர்ஸ். டவுன்லோட் பக்கத்தில் ‘ஃப்ரீ’ என்று பார்த்ததும் முடிவெடுக்காதீர்கள். கூடவே வரும் லைசென்ஸ் ஃபைலைத் திறந்து படியுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கேள்வி (கடலூர் ஓல்ட் டவுன்): அக்கா, துறைமுகத்துல மீன் கமிஷன் கடைகளுக்கு பைத்தான்ல பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி விக்கிறேன். ஸ்கிரீன் எல்லாம் பைக்யூட்டி. ஏதாவது சிக்கலா?

பதில்: சிக்கல்தான் தம்பி. க்யூட்டி என்ற ஸ்கிரீன் அமைக்கும் கருவியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைக்யூட்டிக்கு இரண்டு லைசென்ஸ். ஒன்று ஜிபிஎல் 3 என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ், இன்னொன்று காசு கட்டி வாங்குவது. நீங்கள் காசு கட்டவில்லை என்றால் ஜிபிஎல்தான். அப்படியென்றால் கடைக்காரர் கையில் கொடுக்கும் சாஃப்ட்வேர் முழுவதும் ஜிபிஎல்லில்தான் போக வேண்டும். அவருக்கு சோர்ஸ் கிடைக்க வழி செய்ய வேண்டும். விற்பதற்குத் தடையே இல்லை, எவ்வளவு விலையும் வைக்கலாம். ஆனால் அவர் அதைப் பக்கத்துக் கடைக்குக் காப்பி போட்டுக் கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது.

சோர்ஸைக் கொடுக்க மனமில்லை என்றால் பைசைடு 6-க்கு மாறுங்கள். அதே க்யூட்டி, அதே ஸ்கிரீன், லைசென்ஸ் மட்டும் எல்ஜிபிஎல் 3, ஜிபிஎல்லின் தளர்வான வடிவம். பெரும்பாலும் இம்போர்ட் வரிகளையும், ‘பைக்யூட்டி சிக்னல்’ என்று வரும் இடங்களையும் மாற்றினால் போதும். உங்கள் கோடு உங்களிடமே இருக்கும். ஆனால் கடைக்காரர் விரும்பினால் க்யூட்டி ஃபைல்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ள வழி இருக்க வேண்டும். அதனால் பைத்தான் புரோகிராமைக் கடைக்காரர் கணினியில் ஓடும்படி கட்டித் தரும் பைஇன்ஸ்டாலரில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக அடைக்காமல் ஃபோல்டராகவே கொடுங்கள், லைசென்ஸ் வாசகத்தையும் உள்ளே வையுங்கள். இன்னொன்று, தினசரி மீன் வரத்து அளவைப் படமாகக் காட்ட க்யூட்டி சார்ட்ஸ் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். காசு கட்டாதவர்களுக்கு அது ஜிபிஎல்லில் மட்டும்தான் கிடைக்கும். பலர் மாட்டுவது இங்கேதான்.

கேள்வி (லாஸ்பேட்டை): ஜிசிசில கம்பைல் பண்ணா என் புரோகிராமும் ஜிபிஎல் ஆயிடுமா?

பதில்: ஆகாது. ஜிசிசி என்ற கம்பைலர் (எழுதிய கோடைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) ஜிபிஎல்தான், ஆனால் அதிலிருந்து உங்கள் புரோகிராமுடன் சேரும் ரன்டைம் லைப்ரரிக்கு அதற்கென்றே தனி விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (வில்லியனூர்): மேல சொன்னதை ஒத்துக்க முடியலை. சோர்ஸைக் கொடுத்துட்டா நாங்க எதை வச்சுப் பிழைக்கிறது? ஜிபிஎல்லே சின்ன ஆளுங்களுக்கு எதிரானது.

பதில்: கோபம் புரிகிறது சார், முடிவு தவறு. மீன் கமிஷன் கடைக்காரர் சோர்ஸை வாங்கி என்ன செய்வார்? விடியற்காலை ஏல நேரத்தில் பிரின்டர் மக்கர் பண்ணினால் யார் போனை எடுக்கிறார் என்பதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார். வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் (ஏ.எம்.சி.) பிழைப்பவர்கள் நம் ஊரிலேயே உண்டு. ஜிபிஎல் எழுதியவர் தன் உழைப்பைக் கொடுத்துவிட்டு, இதே உரிமை அடுத்தவருக்கும் போகட்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். பிடிக்கவில்லையா, சோர்ஸைக் கொடுக்கச் சொல்லாத எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி லைசென்ஸில் உள்ளதைத் தேடுங்கள்.

கேள்வி (வில்லியனூர், மறுபடியும்): இதுக்கெல்லாம் கேஸ் போடுவாங்களா?

பதில்: போட்டிருக்கிறார்கள். 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், லினக்ஸின் நெட்ஃபில்டர் என்ற ஜிபிஎல் கோடைப் போட்டு ரவுட்டர் விற்ற கம்பெனிக்கு எதிராக ஜிபிஎல் செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது. ஜிபிஎல் 3-இல் இரக்கமும் இருக்கிறது. முதல்முறை நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்ப வந்துவிடும். ஆனால் யாரும் கேஸ் போடமாட்டார்கள் என்பதற்காக அடுத்தவர் வைத்த நிபந்தனையை மீறலாம் என்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி வச்சு கிளையன்ட் வேலை செய்யலாமா?

பதில்: மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் கோடு எழுதும் கருவி அது. தனி ஆள் என்றால் தாராளமாக. கம்பெனி என்றால் 5 பேர் வரை. ஆனால் 250 கணினிக்கு மேலோ, வருட வருமானம் 10 லட்சம் டாலருக்கு மேலோ இருக்கும் கம்பெனி அதில் வழக்கமான வேலை செய்யக் கூடாது. இது ஓப்பன் சோர்ஸே அல்ல.

கேள்வி (நெல்லிக்குப்பம்): டாக்கர் டெஸ்க்டாப்?

பதில்: புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு பொட்டலமாகக் கட்டி ஓட்டும் கருவி அது. கம்பெனியில் ஆட்கள் 250-க்குக் கீழ், வருமானம் 1 கோடி டாலருக்குக் கீழ், இரண்டும் சேர்ந்து இருந்தால் இலவசம். லினக்ஸில் டாக்கர் எஞ்சின் மட்டும் போட்டால் அது அப்பாச்சி லைசென்ஸ், இந்தக் கணக்கே வேண்டாம்.

கேள்வி (முத்தியால்பேட்டை): ஃப்ரீ டூல்ல செஞ்சதைக் காசுக்கு விக்கலாமாக்கா?

பதில்: எந்த டூல்? பெயரே சொல்லாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? லைசென்ஸ் ஃபைலைப் படியுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): கோடு பகிர்ற கிட்ஹப் சைட்ல ஒரு கோடு கிடைச்சுது. லைசென்ஸ் ஃபைலே இல்ல. அப்ப யார் வேணா எடுத்துக்கலாம்தானே?

பதில்: கூடாது. ஃபைல் இல்லை என்றால் அனுமதியும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி எழுதியவருக்கு எழுதியவுடனே உரிமை வந்துவிடுகிறது, பதிவுகூடத் தேவையில்லை. எழுதியவரிடம் லைசென்ஸ் போடச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கோடைத் தொடாதீர்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): விக்கிறப்ப ஜிஎஸ்டி எப்படி?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி (உருளையன்பேட்டை): ஜிபிஎல்ல ஓப்பன் சோர்ஸ் ஸ்கூல் சாஃப்ட்வேர் ஒண்ணை மாத்தி, எங்க சர்வர்லயே ஓட்டி மாசக் கட்டணம் வாங்குறோம். சோர்ஸ் கொடுக்கணுமா?

பதில்: வெறும் ஜிபிஎல் என்றால் வேண்டாம், சர்வரில் ஓடும் காப்பியை நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. ஏஜிபிஎல் என்றால், நெட் வழியாகப் பயன்படுத்தும் பள்ளிகளுக்கு நீங்கள் மாற்றிய சோர்ஸைத் தர வேண்டும். முதல் எழுத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஃபைலைத் திறந்து எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.