அணி மாறலாமா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருபத்தொரு வருடம் இருந்தேன். அப்போதிருந்தே அந்த நகரத்து ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின் விசிறி. போன வருடம் வேலை காரணமாகக் குடும்பத்தோடு மொன்றியலுக்கு வந்துவிட்டோம். இங்கே வேலைத்தலத்தில் எல்லோரும் மொன்றியல் அணியான கனேடியன்ஸ் பக்கம். லீஃப்ஸ் 1967க்குப் பிறகு லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தைத் தொடவில்லை. இவர்களோ 24 தடவை எடுத்திருக்கிறார்கள். எட்டு வயது மகளும் கனேடியன்ஸ் சட்டை கேட்கிறாள். இனி வாழப்போவது இங்கேதான். நானும் அணி மாறினால் என்ன பிழை? ரொறன்ரோ நண்பர்கள் துரோகி என்கிறார்கள்.

பதில்: துரோகி என்ற சொல்லை முதலில் விடுங்கள். எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாக வீசினார்கள், அதனால் எத்தனை வீடுகளில் சாவு விழுந்தது என்று கண்ட தலைமுறை நான். ஒரு ஐஸ் ஹொக்கி ஆட்டத்துக்குள் அதை இழுக்கவேண்டாம் என்று உங்கள் நண்பர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்கிற காரணங்களையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. வேலைத்தலம், கிண்ணக் கணக்கு, மகள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள்.

கிண்ணக் கணக்கைப் பார்ப்போம். கனேடியன்ஸுக்கு அந்த 24ஆவது கிண்ணம் கிடைத்தது 1993இல். வெற்றிக்காக அணி மாறுகிறவர் அதற்காக எவ்வளவு பிந்தி வருகிறார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1993ஐ என்னால் மறக்க முடியாது. நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்த புதிது. ஒரு அபார்ட்மென்டில் ஏழு பேர். அந்த மே மாதம் லீஃப்ஸ் அரையிறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸோடு மோதினார்கள். ஆறாவது ஆட்டம் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்தபடியால் எங்களுக்கு நடுச்சாமம் தாண்டிவிட்டது. எங்களில் ஒருவர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போய் இருந்தது. ஆட்டத்தின் சட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. மேலதிக நேரத்தில் கிங்ஸின் வெயின் கிரெற்ஸ்கியின் தடி எங்கள் டக் கில்மோரின் தாடையில் பட்டு இரத்தம் வந்தது. நடுவர் தண்டனை ஒன்றும் கொடுக்கவில்லை. தண்டனைப் பெட்டிக்குள் இருந்திருக்கவேண்டிய கிரெற்ஸ்கியே சற்று நேரத்தில் வெற்றி கோலையும் போட்டார். கோப்பை கழுவி வந்தவர் எழும்பிப்போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று, தன் தாடையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் ஒரு வசனம் முழுதாகச் சொல்ல வராத மனிசன், நியாயம் கேட்டு நின்றார். இரண்டு நாள் கழித்து ரொறன்ரோவில் ஏழாவது ஆட்டமும் 5-4 என்று போனது. கிரெற்ஸ்கி மூன்று கோல். அந்தச் சுற்றைத் தாண்டியிருந்தால் இறுதியில் லீஃப்ஸ் சந்தித்திருக்கவேண்டியது யாரை? உங்கள் மொன்றியலை. நீங்கள் எண்ணுகிற 24இல் கடைசிக் கிண்ணம் அதுதான்.

அந்த இரவோடு நான் லீஃப்ஸ்காரன். அவர்கள் வெல்லுவார்கள் என்று நம்பி யாரும் அந்த அறையில் இருந்து எழும்பவில்லை. அதனால்தான் கிண்ணங்களை எண்ணிக் காட்டுகிற உங்கள் வசனம் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வேலைத்தலத்து ஆட்களைத் திருப்திப்படுத்தவும் மாறாதீர்கள். அவர்களுக்கு நீங்கள் செய்யவேண்டியது வேறொன்று: அவர்கள் ஏன் அந்த அணியை இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று அறிந்துகொள்ளுங்கள். 1955 மார்ச்சில் கனேடியன்ஸின் பிரெஞ்சு பேசும் நட்சத்திர வீரர் மொரீஸ் ரிஷார், பொஸ்ரனில் நடந்த அடிபிடியில் ஒரு கோட்டு நடுவரை அடித்துவிட்டார். பிழைதான். லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் அந்தப் பருவம் முழுக்க, அதன் பிறகான கிண்ணச் சுற்று உட்பட, அவரைத் தடைசெய்தார். பிரெஞ்சு பேசுகிறவர்கள் உழைக்க, ஆங்கிலம் பேசுகிறவர்கள் முதலாளியாக இருந்த நகரம் அன்றைய மொன்றியல். தங்கள் ஆளை ஆங்கிலம் பேசுகிற தலைவர் வேண்டுமென்றே வதைக்கிறார் என்றுதான் சனம் அதை எடுத்தது. மார்ச் 17 அன்று காம்பெல் கனேடியன்ஸ் ஆடுகிற போரம் அரங்குக்கே வந்து குந்தினார். உள்ளே கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. ஆட்டம் பாதியில் நிற்க, எதிரணி டெட்ராய்டுக்கு வெற்றி கொடுக்கப்பட்டது. சென்ற்-கத்தரின் வீதியில் கடைகள் உடைந்தன. அடுத்த நாள் ரிஷாரே வானொலியில் வந்து அமைதியாக இருங்கள் என்று கேட்டபிறகுதான் அடங்கியது. தன் மொழியில் கதைத்ததற்காகத் தாழ்த்தப்பட்ட சனத்தின் கோபம் என்ன என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இதை அறியாமல் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டால் அது வெறும் துணி.

அணியே ஊரை விட்டுப் போனால் கதை வேறு. கியூபெக் நகரத்து நோர்டிக்ஸை 1995இல் டென்வருக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடமே கொலராடோ என்ற பெயரில் அந்த அணி கிண்ணம் எடுத்தது. பின்னால் விடப்பட்ட விசிறிகள் எந்தப் பக்கம் போனாலும் ஒருவரும் கேட்க முடியாது. லீஃப்ஸ் உங்களை அப்படி விட்டுப் போகவில்லையே.

எப்போதும் மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாடையைத் தொட்டுக் காட்டிய அந்த நண்பர் பிறகு எட்மன்டனுக்குப் போய்விட்டார். வருடக்கணக்காக அங்கே லீஃப்ஸ் தொப்பியோடுதான் திரிந்தார். 2024 ஜூனில் ஸ்ரான்லி கிண்ண இறுதியில் அந்த ஊர் அணியான எட்மன்டன் ஒயிலர்ஸ், முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்று, அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவதில் புளோரிடாவிடம் 2-1 என்று விழுந்தது. அன்றிரவு அழைத்தேன். எடுத்தார். கதைக்க முடியவில்லை. "நாளைக்கு எடு" என்றுவிட்டு வைத்துவிட்டார். அவர் மாறிவிட்டது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் யாரிடமும் அனுமதி கேட்டிருக்கவில்லை.

உங்களுக்கும் அது வரலாம். ஒளிபரப்பு உரிமைகள் பிரதேசவாரியாக இருப்பதால், லீஃப்ஸின் கிழமைநாள் ஆட்டங்கள் பல மொன்றியலில் உங்களுக்குக் கிடைக்காது. வீட்டுத் தொலைக்காட்சியில் நெடுகக் கனேடியன்ஸ்தான் ஓடும். இரண்டு குளிர்காலம் போகட்டும். அவர்கள் தோற்ற இரவில் உங்களுக்கு நித்திரை வருகிறதா என்று பாருங்கள். நிம்மதியாக வருகிறதென்றால் நீங்கள் இன்னும் மாறவில்லை.

மகளின் சட்டைக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு வேண்டாம். அவள் ஹொக்கியை அறிகிற ஊர் மொன்றியல்தான். அவளுடைய விருப்பத்தில் ஒரு கணக்கும் இல்லை. இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுங்கள். முதுகில் யாருடைய இலக்கம் வேண்டும் என்று அவளையே கேளுங்கள்.