வாசகர் கேள்விகள்: கூடு வைத்தோம், குருவி வரவில்லையே!

கேள்வி: சிட்டுக்குருவி தினத்தன்று எங்கள் சங்கம் சார்பில் வீட்டுக்கு ஒரு கூடு கொடுத்தோம். ஒரு வருஷம் ஆகிறது. பெரும்பாலும் காலி, சிலவற்றில் மைனா. எங்கே கோளாறு?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், திருச்சி

பதில்: முதலில் வாசலை அளந்து பாருங்கள். சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குல ஓட்டை போதும். இரண்டு அங்குலம் இருந்தால் மைனா தாராளமாக நுழையும். அதற்காகக் கூட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒன்றேகால் அங்குல ஓட்டை போட்ட தகரத் தகட்டை வாசல்மேல் திருகிவிடுங்கள். ஓட்டையின் விளிம்பை அரத்தால் ராவி மழுக்க மறக்காதீர்கள். அணில் கடித்து வாசலைப் பெரிதாக்குவதும் இதோடு நிற்கும். வாசலுக்குக் கீழே குச்சி இருந்தால் பிடுங்கி எறியுங்கள். குருவிக்கு அது தேவையே இல்லை, குஞ்சைப் பிடிக்க வரும் காக்கைக்குத்தான் வசதி.

அடுத்து, இடம். மேற்குச் சுவரில் மாட்டினால் சித்திரை வெயிலில் குஞ்சு வெந்துவிடும். எட்டிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில், சன்ஷேடுக்குக் கீழே மாட்டுங்கள். மின்விசிறி ஓடும் அறைக்குள் வேண்டவே வேண்டாம். இது கூட்டமாக வாழும் பறவை. வீட்டுக்கு ஒன்றாகப் பிரிப்பதைவிட, குருவி நடமாட்டம் உள்ள ஒரே சுவரில் நான்கைந்து வைத்தால் பலன் அதிகம். பக்கத்தில் குருவியே இல்லாத தெருவில் வெறும் பெட்டி எதையும் வரவழைக்காது. குஞ்சுக்கு இரை புழுவும் பூச்சியும்தான், அரிசி அல்ல. செடியெல்லாம் பூச்சிமருந்து அடித்துவிட்டுக் கூடு கொடுப்பதில் அர்த்தமில்லை.

கேள்வி: நாங்களே செய்து கொடுக்க அளவு சொல்லுங்கள்.
– பள்ளி ஆசிரியை, தேனி

பதில்: ஆறு அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனமுள்ள ஐந்தடிப் பலகை ஒன்றில் ஒரு பெட்டி முடிந்துவிடும். முதுகுப்பலகை 40 செ.மீ., முன்பலகை 20, கூரை 22, தரை 11. மீதியில் 45 செ.மீ. துண்டு எடுத்துக் குறுக்கே ஒரே சாய்வாக அறுத்தால், ஒரு பக்கம் 25, மறுபக்கம் 20 உயரமுள்ள இரண்டு பக்கப்பலகைகள் கிடைக்கும். வாசலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 12, 13 செ.மீ. மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பூனை கைவிட்டு எடுத்துவிடும். தரையின் நான்கு மூலையிலும் 6 மி.மீ. ஓட்டை, பக்கங்களில் கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டிரண்டு காற்றோட்ட ஓட்டை. ஆணி அடிக்காமல் திருகாணி போடுங்கள். கூரைக்குக் கீல் வாங்க வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி முதுகுப்பலகையோடு சேர்த்து அடித்தால் கீலும் ஆயிற்று, மழைநீரும் இறங்காது. உள்ளே வர்ணம் பூசாதீர்கள். முன்பலகையின் உட்புறத்தை மட்டும் வழவழப்பாக இழைக்காமல் சொரசொரப்பாகவே விடுங்கள், குஞ்சு பிடித்து ஏற அது வேண்டும். மட்டமான ப்ளைவுட் ஒரு மழைக்காலத்தில் ஊதிப் பிரிந்துவிடும்.

கேள்வி: கூட்டை எப்போது சுத்தம் செய்வது? குஞ்சு கீழே விழுந்தால் தொடலாமா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: அடைகாப்பு 11 முதல் 14 நாள். பொரித்தபின் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். பிறகு ஒரு வாரம் போக்குவரத்தே இல்லையென்றால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பழைய வைக்கோலை எடுத்துவிட்டுக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காய வையுங்கள். செல் எனப்படும் பறவைப்பேன் பிடித்திருந்தாலும் மருந்து அடிக்கக் கூடாது. இறகு முளைக்காத குஞ்சைத் தாராளமாக எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனித வாடைக்குத் தாய் ஒதுக்கும் என்பது கட்டுக்கதை. இறகு முளைத்துத் தத்தித் திரிந்தால் பூனையை மட்டும் விரட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலத்தை அகற்றப் போகிறோம். ஆந்தைக்கும் கிளிக்கும் பெட்டி வைக்கலாமா?
– இளைஞர் மன்றம், சிவகங்கை மாவட்டம்

பதில்: கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது, ஊராட்சியா நீர்வளத் துறையா என்று பார்த்து எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். மரத்தை மட்டும் வெட்டினால் அடுத்த மழையில் புதராகத் தழையும். அடித்தூரை வேரோடு பெயர்க்க வேண்டும். ஆட்டுப்புழுக்கை வழியே விதை வந்துகொண்டே இருக்கும், எனவே அடுத்த சில வருஷங்கள் மழைக்குப் பிறகு நாற்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும். ஆள் சேராது என்றால் பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாரை, கொக்குக் கூடுள்ள மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை தொடாதீர்கள்.

பெட்டியைவிட மேலானது கரையில் தலை போன மொட்டைப் பனை. புள்ளி ஆந்தையும் கிளியும் மைனாவும் அந்தப் பொந்தில்தான் குடியிருக்கும். ‘சுத்தம் செய்கிறோம்’ என்று முதலில் சாய்ப்பதும் அதைத்தான்! உயிருள்ள பனையில் தொங்கும் காய்ந்த மட்டைகளையும் கழிக்காமல் விடுங்கள், பனை உழவாரன் அதில்தான் கூடு ஒட்டும்.

கேள்வி: சுவிட்சுப் பெட்டிக்குள் பறவை முட்டையிட்டிருக்கிறது. இடம் மாற்றலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக்குச் சமம். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் இதே நிலை. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. நீங்கள் அந்த ஒரு இணைப்பை மட்டும் மின்பணியாளரை வைத்து வேறு வழியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தூக்கணாங்குருவிக்கு என்ன அளவில் பெட்டி?
– விவசாயி, நாகை

பதில்: எந்த அளவில் வைத்தாலும் வராது. நார் கிழிக்க நெல்லோ நீளப்புல்லோ வேண்டும், கிணற்றுக்குமேல் சாய்ந்த ஈச்சமோ கருவேலமோ வேண்டும். அந்த மரத்தை வெட்டாமல் விட்டாலே போதும்.